இருபத்துநாலு பவரில் ஒரு சட்டைப் பட்டன்

செகந்திராபாத்தில் திருமுல்கேரியைத் தாண்டி, கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளம் ஒன்றில் இருந்த துப்பாக்கி சுடும் சங்கத்தில் நான் காகிதம் மாற்றும் வேலை பார்த்தேன். அந்த வேலைக்கு வேறு பெயர் கிடையாது. சுடுகிறவர்கள் தகரக் கொட்டகைக்கு அடியில் மேசைகளின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி, ஒரு மண்மேட்டுக்கு முன்னால் எட்டு மரச்சட்டங்கள் நிற்கும். ஒவ்வொரு சட்டத்திலும் கறுப்பு வட்டம் அச்சடித்த ஒரு காகிதம். ஆளுக்குப் பத்து குண்டு சுட்டு முடித்ததும் நான் நடந்து போய், ஓட்டை விழுந்த காகிதங்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டிவிட்டு, பழையவற்றை அவரவரிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறுகளில் அந்த ஐம்பது மீட்டரை முப்பது தடவையாவது போய்த் திரும்புவேன்.

பேச்சு வராதவனுக்கு ஏற்ற வேலை அது. எங்கள் குடும்பம் வெள்ளைக்காரர் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். ஆட்டோக்காரரிடம் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, அவர் நிறுத்திய இடத்தில் இறங்கி நடந்து வந்த ஆள் நான். காகிதத்திடம் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள்.

ரேஞ்சில் ஒரு விதி இருந்தது. சங்கத்தின் செயலாளர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். அவர் விசில் ஊதி, "போல்ட் திற! கை எடு!" என்று கத்துவார். எல்லோரும் துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் திறந்து வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். போல்ட் திறந்திருந்தால் துப்பாக்கி சுடாது. பிறகுதான் நான் சட்டங்களின் பக்கம் போய் அங்கிருக்கும் கம்பத்தில் சிவப்புக் கொடியை ஏற்றுவேன். கொடி மேலே இருக்கும் வரை யார் கையும் துப்பாக்கியில் படக்கூடாது. வேலை முடிந்து கொடியை இறக்கிவிட்டு நான் கொட்டகைக்குள் வந்த பிறகுதான் அடுத்த விசில். பதினோரு வருடம் இப்படியே போயிற்று. ஆட்களிடம் பேசத்தான் பயந்திருக்கிறேனே தவிர, குண்டுக்கு ஒரு நாளும் பயந்ததில்லை.

ஹைதராபாத்தில் கச்சிபௌலிப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக எழும்பிய வருடங்களில் சங்கத்துக்குப் புது உறுப்பினர்கள் வந்தார்கள். எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். ஐந்து நாளும் திரையைப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண்களோடு சனிக்கிழமை காலையில் வருவார்கள். துப்பாக்கியின் முனையில் இருக்கும் இரும்புக் குறியை வைத்துச் சுடுவது அவர்களுக்குப் பிடிபடவில்லை. குறியும் தெரிய வேண்டும், தூரத்து வட்டமும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கண் பழக மாதக்கணக்காகும். அவர்களுக்கு ஸ்கோப் வேண்டும். துப்பாக்கியின் மேல் பொருத்துகிற தொலைநோக்கி.

சங்கத்தில் அப்போது ஒரே ஒரு ஸ்கோப்தான் இருந்தது. ஆறு பவர். அதாவது ஐம்பது மீட்டரில் இருக்கிற வட்டம் ஆறு மடங்கு பக்கத்தில் வந்து நிற்கும். எப்போது பார்த்தாலும் அதே ஆறு. திருப்பவோ கூட்டவோ குறைக்கவோ அதில் ஒன்றும் கிடையாது. கண்ணை வைத்தால் வட்டம், சட்டம், பக்கத்துச் சட்டம், கொஞ்சம் மண்மேடு, அவ்வளவும் தெரியும்.

புதியவர்களில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர். முப்பது வயதிருக்கும். அந்த ரேஞ்சில் என்னை 'அண்ணா' என்று கூப்பிட்ட ஒரே உறுப்பினர் அவர்தான். மற்றவர்களுக்கு நான் 'பேப்பர்'. "பேப்பர், இதர் ஆவோ" என்று இந்தியில் கூப்பிடுவார்கள். இவர் மட்டும் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நல்லா விழுந்திருக்குங்களா அண்ணா?" என்று கேட்பார். கம்பெனி வேலையாக அமெரிக்கா போய்த் திரும்பியவர் ஒரு ஜூம் ஸ்கோப் கொண்டுவந்தார். கறுப்பாக, நீளமாக, முன்பக்கம் கிண்ணம்போல விரிந்திருந்தது. அதன் இடுப்பில் ஒரு வளையம். வளையத்தைத் திருப்பினால் ஆறிலிருந்து இருபத்துநாலு பவர் வரை போகும்.

அதைப் பார்க்க அன்று கொட்டகையில் வரிசையே நின்றது. "என் ஓட்டையை நானே பாக்கறேன்டா" என்று ஒருவர் கூவினார். உண்மைதான். ஆறு பவரில் கறுப்புக்குள் விழுந்த ஓட்டை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நான் போய்க் காகிதத்தை எடுத்து வந்தால்தான் தெரியும். இருபத்துநாலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணலாம். இனி எனக்கு நடை குறையும் என்றுகூட நினைத்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை. விசில் ஊதியாயிற்று. நான் கொடியை ஏற்றிவிட்டு எட்டுக் காகிதங்களையும் மாற்றினேன். கடைசிச் சட்டத்தில் ஒரு கிளிப் துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. கொட்டகையைப் பார்த்து நின்றபடி அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினேன். திரும்பி வந்து கோயம்புத்தூர்க்காரரிடம் அவர் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, உங்க சட்டையில மேல இருந்து ரெண்டாவது பட்டன் மட்டும் பச்சை நூல்ல தெச்சிருக்குதுங்க. சரிங்களா?"

நான் குனிந்து பார்த்தேன். சட்டை வெள்ளை. மற்ற பட்டன்களில் வெள்ளை நூல். இரண்டாவதில் பச்சை.

"ஹவ் சார்," என்றேன். ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு அது.

"அங்க நின்னு நீங்க கிளிப்ப இழுத்துட்டு இருந்தீங்கல்ல, அப்பப் பாத்தனுங்க. நூல் பிரி பிரியாத் தெரியுது. இருபத்துநாலுன்னா சும்மா இல்லீங்ணா!" பிறகு, தான் ஒழுங்காக நடந்துகொண்டதை நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கை வெக்கவே இல்லீங்க. கை ரெண்டும் மடியிலதான். தாடையிலயே லேசா நகத்தி நகத்திப் பாத்தனுங்க."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்தவரிடம் அவர் காகிதத்தைக் கொடுத்தேன். எட்டுப் பேருக்கும் கொடுத்து முடித்துத் தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் டம்ளரை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஸ்கோப் தனியாக இல்லை. துப்பாக்கியின் மேல் இருக்கிறது. ஸ்கோப் எதைப் பார்க்கிறதோ, அதைத்தான் குழாயும் பார்க்கும். அதற்காகத்தான் அதை அங்கே திருகி வைத்திருக்கிறார்கள். என் இரண்டாவது பட்டனின் நூலை அவர் பார்த்தபோது, ஸ்கோப்புக்குள் தெரியும் கூட்டல் குறியின் நடுப்புள்ளி அங்கேதான் இருந்திருக்கும்.

பட்டனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கையை வைத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்காமலே டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கைக்கு இப்டி ஒக்காந்திருக்கீங்க? டீ ஆறுது," என்றாள் என் மனைவி. 'ஏன்' என்பதற்கு 'கைக்கு' என்பாள், செகந்திராபாத் பேச்சு.

"இந்தப் பட்டன் எப்ப தெச்சே?"

"அதா? போன மாசம். பச்சை நூல்தான் கோத்திருந்துச்சு, அப்டியே தெச்சிட்டேன். கைக்கு, யாராச்சும் சிரிச்சாங்களா?"

"பாத்தாங்க."

"பாத்தா என்ன, பாக்கட்டுமே."

"துப்பாக்கில பாத்தாங்க."

அவளுக்குப் புரிய நான் இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் என் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். பட்டனை மட்டும் உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கே சுபேதார் சாப்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா அவர வெளிய அனுப்பிடுவாங்க. நல்ல மனுசன்."

"நல்ல மனுசன் கையில வெடிச்சா வலிக்காதா?"

"எப்டி சொல்றதுன்னு தெரியல."

"வாயால சொல்றது. வேற எதால சொல்வாங்க?"

நான் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தேன். அவளுக்குக் கோபம் தாங்கவில்லை. "நீங்க சொல்ல நக்கோ, வேணாம். நான் வரேன், நான் சொல்றேன்," என்றாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது. வேண்டாம், நானே சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். ஞாயிறு போனேன், சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்ததற்குத் தண்டனையாக வேறொன்று நடந்தது. எனக்கு உடம்பு மாறிவிட்டது. சட்டங்களை நோக்கி நடக்கும்போது முதுகில் காசு அகலத்துக்கு ஓர் இடம் சூடாகும். அது நகரும். தோளிலிருந்து பிடரிக்கு ஏறும். யாராவது ஸ்கோப்பில் பார்க்கிறார்களா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால், பார்க்கிறாரா என்று நான் பார்ப்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் திரும்பமாட்டேன். காகிதக் கட்டை இடுப்பில் இடுக்குவதை விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நூறு காகிதம் ஒரு குண்டையும் தடுக்காது என்று என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? எட்டுக் காகிதம் மாற்ற முன்பு ஆறு நிமிடம் ஆகும். இப்போது நான்கில் முடித்தேன். கிளிப்புகள் கோணலாக மாட்டப்பட்டுக் காகிதங்கள் காற்றில் விழுந்தன. அவற்றை எடுக்க மறுபடியும் நடக்க வேண்டியிருந்தது.

சுபேதார் சாப் என்ன செய்தார் என்று கேட்கலாம். அவர் ஒழுங்காகத்தான் பார்த்தார். விசில் ஊதியதும் கொட்டகையின் ஓரத்தில் நின்று எல்லோருடைய கைகளையும் பார்ப்பார். கைகள் மடியில் இருக்கும். தலை குனிந்திருந்தால், துப்பாக்கிக்குப் பின்னால் களைப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். இரும்புக் குறி மட்டும் இருந்த காலத்தில் எழுதிய விதி அது. இரும்புக் குறி வழியாகப் பார்க்க ஒன்றுமில்லை. யாரும் சும்மா கண்ணை வைத்துப் பார்க்க மாட்டார்கள். அதனால் கையை எடு என்று மட்டும் விதி சொன்னது, கண்ணை எடு என்று யாரும் எழுதவில்லை.

பிறகு, ஒரு புதன்கிழமை, சுபேதார் சாப் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், சங்கத்துத் துப்பாக்கி நாலுக்கும் ஸ்கோப் வாங்கப் போறோம். டில்லி வியாபாரி ரெண்டு சாமான் காட்டறான். ஒண்ணு இந்த ஒரே பவர். இன்னொண்ணு அந்தப் பையன் வெச்சிருக்கறானே, திருப்பற சாமான். இன்னா சொல்றே நீ?"

"நானா சாப்?"

"பின்ன, காத்தையா கேக்கறேன்? பேப்பர் பாக்கறவன் நீதானே. எதுல ஒழுங்கா விழுதுன்னு உனக்குத்தான் தெரியும். ஞாயித்துக்கெழமை கமிட்டி. வந்து சொல்லு."

நான்கு ஜூம் ஸ்கோப். ஏற்கெனவே ஒன்று. ஐந்து பேர் தாடையால் நகர்த்தி நகர்த்தி என் மேல் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் அந்த நேரத்திலும் பட்டனைப் பற்றிச் சொல்லாமலே தப்பிக்க ஒரு வழி தோன்றியது. காகிதங்களே பேசட்டும்.

கோயம்புத்தூர்க்காரர் தன் ஸ்கோப்பைச் சங்கத்தின் அலமாரியில்தான் வைத்துவிட்டுப் போவார், வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். சுபேதார் சாப் அதை ஒரு துப்பாக்கியில் பொருத்தி, மணல் மூட்டைமேல் வைத்து, ஆறு பவரில் ஐந்து குண்டு சுட்டார். பிறகு வளையத்தை இருபத்துநாலுக்குத் திருப்பி ஐந்து. மறுபடியும் ஆறுக்கு வந்து ஐந்து. பிறகு அதே துப்பாக்கியில் பழைய ஒரே பவர் ஸ்கோப்பை மாட்டிப் பதினைந்து. நான் காகிதங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினேன். நான் பல வாரமாகக் கவனித்து வந்தது சரிதான். ஜூமில் பவரைத் திருப்பினால் குண்டு விழும் இடம் அரை விரல் அகலம் வலது பக்கம் நகர்ந்தது. திரும்ப ஆறுக்கு வந்தாலும் பழைய இடத்துக்கு முழுசாக வரவில்லை. ஒரே பவரில் பதினைந்தும் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தன.

"பலே," என்றார் சுபேதார் சாப். "திருப்பறப்ப உள்ளார ஏதோ அசையுது." அவர் டீ குடிக்க உள்ளே போனார். துப்பாக்கி மூட்டைமேல் இருந்தது, அதில் ஜூமை மறுபடியும் மாட்டியிருந்தார். நான் அதுவரைக்கும் ஒரு தடவைகூட அதில் கண்ணை வைத்ததில்லை. உட்கார்ந்து வைத்தேன்.

மரச்சட்டத்தின் ஆணி ஒன்று கண்முன் வந்து நின்றது. ஆணியின் தலையில் ஒரு கட்டெறும்பு. அது மீசையைத் துடைத்துக்கொண்டது. பதினோரு வருடம் தொட்டுத் தொட்டுப் பழகிய ஆணி, அதில் எறும்பு ஏறும் என்று எனக்குத் தெரியாது. எறும்பு கீழே இறங்கிற்று. நானும் கூடவே இறங்கினேன். சட்டத்தின் கால், புல், மண். மண்ணில் ஏதோ பழுப்பாக ஏறி ஏறி இறங்கியது. என்னவென்று பார்க்க இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். குவாரியில் திரியும் நாய், மண்மேட்டு நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் விலா மூச்சுக்கு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூட்டல் குறி அந்த விலாவின்மேல் அசையாமல் நின்றது.

கை இரண்டும் மடியில் இருந்தன. தாடை துப்பாக்கிக் கட்டையில் பதிந்திருந்தது.

நாற்காலி பின்னால் விழ எழுந்தேன். போல்ட்டைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. ஆனால் உட்காரும்போது அதை நான் பார்க்கவில்லை. இது எப்படி நடக்கிறது என்று எனக்கு அப்போது தெரிந்தது. கெட்ட எண்ணம் வேண்டாம், அசட்டுத்தனம்கூட வேண்டாம். திருப்புகிற சாமான் ஆளை 'பார், இன்னும் கொஞ்சம் பார்' என்று கூட்டிக்கொண்டு போகிறது. அதுவும் இருபத்துநாலில், ஐம்பது மீட்டருக்கு, ஒரு மனிதனின் நெஞ்சு அகலம்தான் கண்ணுக்குத் தெரியும். முகம் தெரியாது. கொடி தெரியாது. தான் ஒரு ஆளைப் பார்க்கிறோம் என்பதே மறந்துபோகும். நூலைத்தான் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் ஐந்து பேர். சுபேதார் சாப் நடுவில். கோயம்புத்தூர்க்காரரை ஜூம் பற்றிச் சொல்ல அழைத்திருந்தார்கள். மற்றவர்கள் டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை உட்காரச் சொன்னார்கள். நான் நின்றேன்.

முதலில் கோயம்புத்தூர்க்காரர் பேசினார். அழகாகப் பேசினார். கண் குறைந்தவர்களுக்கு ஜூம் வேண்டும், புதிதாக வருகிறவர்கள் தங்கள் ஓட்டையைப் பார்த்தால்தான் கற்றுக்கொள்வார்கள், வெயிலில் காற்று அலையடித்துப் படம் ஆடும்போது பவரைக் குறைத்துக்கொள்ளலாம், ஒரே பவரில் அந்த வசதி இல்லை. எல்லாம் உண்மை.

பிறகு நான் காகிதங்களை விரித்தேன். "இங்க ஆறு... இங்க இருபத்துநாலு..." என்று விரலால் காட்டினேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. சுபேதார் சாப்தான் விளக்கினார். தலைகள் அசைந்தன. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

கோயம்புத்தூர்க்காரர் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "கரெக்ட்டுங்க," என்றார். "அண்ணா சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்டு. என்னோடது சாதா மாடலுங்க, அதான் நகருது. நல்ல கம்பெனி ஜூம்னா ஒரு இம்மிகூட நகராதுங்க. நாலும் அப்படி எடுத்துக்கலாம். விலை வித்தியாசம் என்ன ஆகுதோ, எங்க குரூப் ஏத்துக்கறோம்."

"அப்டின்னா செரி," என்றார் பிஸ்கட்காரர்களில் ஒருவர். சுபேதார் சாப் என்னைப் பார்த்தார். "இன்னாய்யா, வேற இன்னா சொல்றே?"

வேறு ஒன்றும் என்னிடம் காகிதத்தில் இல்லை. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை சாப் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடலாம். சொல்ல வாயைத் திறந்தேன். என்னை அறியாமல் வலது கை சட்டையின் இரண்டாவது பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பச்சை நூலு," என்றேன்.

"எது?"

"சார் பாத்தாரு. நான் அங்க நிக்கறப்ப. கொடி மேல இருந்துச்சு."

பிஸ்கட்டைத் தோய்த்தவர்களுக்குப் புரியவில்லை. சுபேதார் சாப்புக்கு உடனே புரிந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"துப்பாக்கி மேல இருந்த ஸ்கோப்புலயா?" என்று கோயம்புத்தூர்க்காரரைக் கேட்டார்.

"ஆமாங்க. ஆனா கை வெக்கலீங்க. தாடையில..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார். அவருக்கும் உறைத்துவிட்டது. கையிலிருந்த காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"போல்ட் தெறந்து இருந்துச்சா?"

அவர் நினைத்துப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். 'திறந்திருந்தது' என்று அவர் சொல்லிவிட்டால் போதும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

"தெறந்திருப்பேனுங்க. எப்பவும் தெறப்பனுங்க," என்றார். பிறகு மிகவும் மெல்லிய குரலில், "அன்னைக்குத் தெறந்தனான்னு ஞாபகம் இல்லீங்க," என்றார்.

சுபேதார் சாப் மேசையைத் தட்டிய தட்டில் டீ சிந்தியது. "ராணுவத்துல இதுக்கு இன்னா பண்ணுவாங்க தெரியுமா? கார்டை எட்து வெய்யி. இன்னியோட முட்ஞ்சுது."

கோயம்புத்தூர்க்காரர் சட்டைப் பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. இந்த மனிதரை நான் துரத்திவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கு வேறு வகைப் பயம் வந்தது. ஆனால் அடுத்ததைச் சொன்னால் என் வேலை போகும் என்பதும் தெரிந்திருந்தது. உறுப்பினர் அல்லாத ஒருவன் துப்பாக்கிக்குப் பின்னால் உட்காருவதே குற்றம்.

"நானும் பாத்தேன் சாப்," என்றேன்.

"நீ எதைய்யா பாத்தே?"

"நாயை. புதன்கெழமை. நீங்க டீக்குப் போனப்ப. பாக்கணும்னு பாக்கல சாப், எறும்ப பாத்தேன், அப்டியே நாய்கிட்ட போய்டுச்சு. நானும் தாடையிலதான் நகத்தினேன். போல்ட்ட பாக்கல. பெறகுதான் பாத்தேன்." மூச்சு வாங்கியது. என் வாழ்க்கையில் ஒரே நேரத்தில் அவ்வளவு பேசியதில்லை. ஆனால் நிற்கவும் முடியவில்லை. "அது திருப்பறதா இருந்தா யாரா இருந்தாலும் பாப்பாங்க சாப். நான் பதினோரு வருசமா அங்க போறவன், நானே பாத்தேன். அதனால நல்ல கம்பெனின்னாலும் நக்கோ. ஒரே பவர்னா எல்லாம் தெரியும். ஆள் தெரியும், கொடி தெரியும். பாக்க வேற ஒண்ணும் இல்ல, கண்ண எடுத்துடுவாங்க."

சுபேதார் சாப் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "விசில் ஊதனா ஆளை எழுப்பி நிக்க வெச்சிருக்கணும்," என்று தனக்குள் சொன்னார். "கையை மட்டும் பாத்துகினு நின்னேனே, நானு." பிறகு அட்டையைக் கோயம்புத்தூர்க்காரர் பக்கம் தள்ளினார். "எட்துக்கோ. ஒரு மாசம் வராதே."

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேலை போகவில்லை என்பது திங்கட்கிழமை போய்ப் பூட்டைத் திறந்தபோதுதான் எனக்கு உறுதியாயிற்று. நான்கும் ஒரே பவராக வாங்கினார்கள். மேசைகளுக்குப் பத்தடி பின்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டோம். கொடி மேலே இருக்கும்போது எல்லோரும் எழுந்து அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொரு போல்ட்டையும் சுபேதார் சாப் தன் விரலால் தொட்டுப் பார்ப்பார்.

ஒரு மாதம் கழித்துக் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். ஜூம் கொண்டுவரவில்லை. சங்கத்துத் துப்பாக்கியிலேயே சுட்டார், மோசமாகச் சுட்டார். விசில் ஊதிக் கோட்டுக்குப் பின்னால் நின்றபோது, சுபேதார் சாப்பிடம் ஏதோ கேட்டார். அவர் தலையசைத்ததும் என்னிடம் வந்தார்.

"நானும் கூட வரட்டுங்களா அண்ணா?"

காகிதக் கட்டில் பாதியை அவரிடம் கொடுத்தேன். இருவரும் நடந்தோம். கொடியை ஏற்றினேன். முதல் சட்டத்தில் நான் காகிதத்தைப் பிடித்துக்கொள்ள அவர் கிளிப் மாட்டினார். மூன்றாவது சட்டத்தில் அவர் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் பார்த்தேன். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து எனக்கு மாதங்கள் ஆகியிருந்தன.

எட்டு மேசை. எட்டுத் துப்பாக்கி. பின்னால் ஆளே இல்லை; எல்லோரும் தள்ளிக் கோட்டுக்கு அப்பால் கைகட்டி நின்றார்கள். ஆனாலும் எட்டுக் குழாயும் எங்களைப் பார்த்துத்தான் இருந்தன.

"யாரும் இல்லைன்னு தெரியுதுங்ணா," என்றார். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. "இருந்தாலும் கால் நிக்க மாட்டேங்குதுங்க."

"ஹவ் சார்."

"சீக்கிரம் போயிரலாங்களா?"

அவர் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். என் கையும் நிலையாக இல்லை என்பதை அவர் பார்த்தார்.

"இன்னும் அஞ்சு பேப்பர் இருக்கு சார்," என்றேன்.